"ஒண்ணுமில்ல மிஸ்" என்று சொல்லத் தெரிந்த ஏஐ வேண்டும்

அமெரிக்காவில் பால்புதுமை இளைஞர்களின் தற்கொலைகளைத் தடுக்க வேலை செய்யும் அமைப்பு, ட்ரெவர் ப்ராஜெக்ட். 2021இல் அவர்கள் 'ரைலி' என்றொரு ஆளை அறிமுகப்படுத்தினார்கள். நார்த் கரோலைனாவில் வாழும், பதற்றமும் சோர்வும் நிறைந்த பதின்வயதுப் பிள்ளை. ஆனால் நிஜ ஆள் இல்லை, செயற்கை நுண்ணறிவு. தன்னார்வலர்கள் நிஜப் பிள்ளைகளோடு சாட் பண்ணுவதற்கு முன் ரைலியோடு பேசிப் பழகுவார்கள். ஒரு வார்த்தை தப்பாக விழுந்தாலும் காயப்பட அங்கே யாரும் இல்லை.

நல்ல யோசனைதான். உளவளத்துணை படிக்கும் நாங்கள் இப்போதும் ஒருத்தருக்கொருத்தர் நடித்துத்தான் பழகுகிறோம். கூட்டாளி அழுவது மாதிரி நடித்தால் சிரிப்புத்தான் வரும். அதனால் ஒரு சாட்பொட்டிடம் கேட்டுப் பார்த்தோம்: "நீ ஹட்டன் பக்கம் கொழுந்து பறிக்கும் 42 வயது அம்மா. மனசு சரியில்லை." உடனே பதில் வந்தது: "நான் சில மாதங்களாகக் கடுமையான மன அழுத்தத்தில் இருக்கிறேன்."

எங்க தோட்டத்துல யாரு இப்படிப் பேசுறாங்க? "ஒண்ணுமில்ல மிஸ், தலவலி. ராவுல தூக்கம் வரல." அவ்வளவுதான். கிலோ குறைஞ்சு அரைப்பேர் விழுந்தது, கொழும்புக்கு வேலைக்குப் போன மகன் போன் எடுக்காதது, வீட்டுக்காரரோட குடி, இதெல்லாம் மூணாவது நாலாவது சந்திப்புலதான் மெதுவா வரும். அதுவும் லயத்துல வச்சுக் கேட்டா வராது. பக்கத்துக் காம்பராவுல இருமுனாலே இங்க கேக்கும்.

கேட்டதும் மனசைத் திறக்கும் ஆளோடு மட்டும் பழகினால் என்ன ஆகும்? "ஒண்ணுமில்ல" என்ற அம்மாவை நாமும் நம்பி, பனடோல் வாங்கச் சொல்லி அனுப்பிவிடுவோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பிறகு நாங்களே எழுதிக் கொடுத்தோம்: "உடம்பு வலியை மட்டும் சொல். காரணத்தை லேசில் சொல்லாதே. யாராவது வந்தால் பேச்சை மாத்து." கொஞ்சம் நம்ம ஆள் மாதிரி வந்தது. இதை இன்னும் சரியாக எழுத, தோட்டத்து அம்மாமாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அவர்களுடைய சொந்தக் கதையை அனுமதி இல்லாமல் அதற்குள் போடவும் கூடாது. பழகியதைப் பார்த்துத் திருத்த அனுபவமுள்ள ஒரு ஆசிரியரும் வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருக்கும் ஒருத்தர் முன்னால் நாமும் பேசாமல் இருக்க, எந்தத் திரையும் கற்றுத்தராது.

இதை வாசிக்கிற உங்களுக்கே மனசு தாங்கலன்னா, தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு எடுத்துப் பேசுங்க. "ஒண்ணுமில்ல"ன்னு ஆரம்பிச்சாலும் பரவாயில்ல.