லூயிஸ் தீவில் நான்கு நாட்கள்

தென்னிந்திய ஓலைச்சுவடிகளின் வரலாற்றைப் படிப்பவர்கள் கேணல் கொலின் மக்கன்சி என்ற பெயரைக் கடந்து செல்ல இயலாது. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட சுவடிகளையும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுப் படிகளையும் தேடித் திரட்டியவர் அவர். அவற்றுள் தமிழ்ச் சுவடிகள் இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. இந்தியாவின் முதலாவது நில அளவையாளர் நாயகமாக 1815இல் பதவியேற்றவரும் அவரே. அதற்கு முன்னர், 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய பிரித்தானியப் படையில் பொறியியலாளராகப் பணியாற்றினார். இந்தியாவுக்கு வந்த புதிதில் மதுரையில் அவரை வரவேற்று உபசரித்த ஹெஸ்டர் ஜோன்ஸ்ரன் என்ற அம்மையாரின் மகன்தான் பிற்காலத்தில் இலங்கையின் பிரதம நீதியரசராக வந்து ஜூரி முறையை அறிமுகப்படுத்திய சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன்.

இத்தனை தொடர்புகளைக் கொண்ட மக்கன்சி பிறந்த ஊர் ஸ்டோர்னவே. ஸ்கொட்லாந்தின் வடமேற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்தின் காற்றை நேரடியாக முகத்தில் வாங்கிக்கொண்டு கிடக்கும் லூயிஸ் தீவின் துறைமுகப் பட்டினம். அங்கே சுங்க அலுவலராக இருந்தவர் 1783இல் கப்பலேறினார். 1821இல் கல்கத்தாவில் மரணமடையும் வரை ஊர் திரும்பவே இல்லை. அந்த ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எனக்கு நெடுநாளாக இருந்தது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது நிறைவேறியது.

இன்வெர்னஸ் நகரிலிருந்து பஸ்ஸில் உல்லாபூல் என்ற சிறிய துறைமுகத்துக்குச் சென்று, அங்கிருந்து கப்பலில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் ஸ்டோர்னவே. துறைமுக வாயிலை நெருங்கும்போது வலப்புறத்தில் சில கறுத்த பாறைகள் நீருக்கு மேலே தலைகாட்டுகின்றன. அருகில் நின்ற முதியவர் ஒருவர் அந்தப் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழற்றினார். காரணத்தை மறுநாள்தான் அறிந்தேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

தீவுக்கு வருவோர் முதலில் பார்க்க விரும்புவது கலனிஷ் கல்வட்டத்தைத்தான். ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன்னர் நாட்டப்பட்ட ஐம்பது கற்கள். நடுவில் பதின்மூன்று கற்களைக் கொண்ட வட்டம், அதன் மையத்தில் 4.8 மீற்றர் உயரமான ஒற்றைக் கல், அதிலிருந்து நாற்புறமும் விரியும் கல்வரிசைகள். மேலேயிருந்து நோக்கினால் சிலுவை போலத் தோன்றும். ஆனால் கிறிஸ்தவம் பிறப்பதற்கு முப்பது நூற்றாண்டுகள் இருந்த காலம் அது. கிறிஸ்தவத்தை ஏற்க மறுத்த அரக்கர்களைப் புனிதர் ஒருவர் கல்லாகும்படி சபித்தார் என்று தீவு மக்கள் பிற்காலத்தில் கதை கட்டினார்கள். கல்லைக் கண்டால் சாபக் கதை சொல்லாத சமூகம் உலகில் உண்டா என்ன!

இந்தக் கற்களின் கீழ்ப்பாகம் பன்னெடுங்காலமாக மண்ணுக்குள் மறைந்திருந்தது. மக்கிய தாவரங்கள் படிந்து உருவாகும் 'பீற்' என்னும் கரிமண் ஒன்றரை மீற்றர் உயரத்துக்கு மூடியிருந்ததை 1857இல் அகற்றுவித்தவர் அன்றைய தீவின் உரிமையாளர் சேர் ஜேம்ஸ் மத்திசன். சீனாவுக்கு அபின் விற்றுச் சேர்த்த செல்வத்தில் 1844இல் ஒரு தீவையே விலைக்கு வாங்கிய வணிகர் அவர். ஸ்டோர்னவேயில் அவர் கட்டிய மாளிகை இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ஸ்டோன்ஹெஞ்சை நான் முன்னர் பார்த்திருக்கிறேன். கயிறு கட்டி எட்ட நிறுத்திவிடுவார்கள். கலனிஷில் இரவு பத்து மணிக்கும் மறையாத வெளிச்சத்தில் கற்களுக்கிடையே நடந்தேன், கையால் தொட்டுப் பார்த்தேன். அக்கல்லின் வயது முந்நூறு கோடி ஆண்டுகள் வரை இருக்கும் என்கிறார்கள் புவியியலாளர்கள். என்னைக் கேட்டால் ஸ்டோன்ஹெஞ்சை விட்டுவிட்டு இங்கே வரலாம் என்பேன்.

ஆர்ணோல் கிராமத்தில் 'கறுப்பு வீடு' ஒன்றைப் பேணி வைத்திருக்கிறார்கள். தடித்த கற்சுவர்கள், புல் வேய்ந்த கூரை, புகைபோக்கி கிடையாது. நடுத்தரையில் பீற் எரியும், புகை கூரை வழியாகக் கசிந்து வெளியேறும். மனிதரும் மாடுகளும் ஒரே கூரையின் கீழ். புகைக்கரி ஊறிய பழைய கூரைப் புல்லைக் கழற்றி வயலுக்கு உரமாக இட்டார்கள் என்பதை அறிந்தபோது அந்த விவசாயிகளின் சிக்கனம் என்னை வியக்க வைத்தது. இவ்வீட்டில் 1966 வரை ஆட்கள் வாழ்ந்தனர். சட்டையிலிருந்து புகை வாசனை போக இரண்டு நாட்களாயின.

இனி அந்தப் பாறைகளுக்கு வருகிறேன்.

முதலாம் உலக யுத்தம் முடிந்து ஏழு வாரங்கள். புத்தாண்டுக்கு வீடு திரும்பும் கடற்படை வீரர்களை ஏற்றிக்கொண்டு 'அயோலயர்' என்ற கப்பல் 1918 டிசம்பர் 31 இரவு புறப்பட்டது. ஏறத்தாழ 280 பேர் அதில் இருந்தனர். 1919 ஜனவரி முதலாம் திகதி அதிகாலை இரண்டு மணியளவில், ஸ்டோர்னவேயின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்க, துறைமுக வாயிலில் உள்ள அப்பாறைகளில் மோதியது. கரை இருபது யார் தூரங்கூட இல்லை. மாண்டவர்கள் 201 பேர். மிகப் பெரும்பாலோர் லூயிஸ் தீவின் மைந்தர்கள். நெஸ் பகுதியைச் சேர்ந்த ஜோன் மக்லவுட் என்ற வீரர் ஒரு கயிற்றுடன் நீந்திக் கரையேறினார். அந்தக் கயிற்றைப் பற்றிக்கொண்டு சுமார் நாற்பது பேர் உயிர் தப்பினர். ஒருவர் விடியும் வரை பாய்மரத்தில் தொங்கிக்கொண்டிருந்து பிழைத்தார். நான்காண்டு யுத்தத்தில் ஏற்கெனவே ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பறிகொடுத்த தீவு அது. போரில் சாகாமல் வந்தவர்கள் வீட்டு வாசலில் செத்தார்கள்.

'ஸ்டோர்னவே கசெற்' பத்திரிகை தொடங்கி அப்போது இரண்டே ஆண்டுகள். அதன் ஆசிரியர் வில்லியம் கிரான்ற் தாமே இந்தச் செய்தியை எழுத நேர்ந்தது. யுத்தத்தில் சேவையாற்றிய தீவினரின் விபரத் திரட்டைத் தொகுத்தவரும் அவர்தான். சிறிய ஊரில் பத்திரிகை நடத்துபவருக்கு இறந்தோர் பட்டியல் வெறும் பட்டியல் அல்ல. 2004 டிசம்பரில் சுனாமிக்குப் பின்னர் ஊர் ஊராக வந்த பெயர்களைச் சரிபார்த்த இரவுகளில் நான் அதை அனுபவித்திருக்கிறேன்.

நான் தங்கியிருந்த விடுதி வீட்டின் உரிமையாளர் எண்பதை நெருங்கிய மாது. அவருடைய பாட்டனார் அந்தக் கப்பலிலிருந்து தப்பியவர்களுள் ஒருவராம். நாற்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் அதைப்பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை என்றார். தப்பியவர் மட்டுமல்ல, தீவு முழுவதுமே பல தசாப்தங்கள் வாய்மூடி இருந்தது. 2018இல் துறைமுகத்தில் அக்கப்பலின் வடிவில் 280 கம்பங்களை நட்டு இரவில் ஒளியேற்றினார்கள். அதைப் பார்க்க அவர் ஒரு தடவை மட்டுமே போனாராம்.

போருக்குப் பிறகு தீவின் உரிமையாளர் லெவர்ஹியூம் பிரபு. ஆம், நம் வீடுகளில் எல்லாம் இருந்த 'சன்லைற்' சவர்க்காரத்தின் அதிபதி. 1918இல் தீவை வாங்கி, மீன் தொழிற்சாலைகளால் அதை மாற்றியமைக்கத் திட்டமிட்டார். திரும்பி வந்த வீரர்களோ தங்களுக்கு உழுவதற்கு ஒரு துண்டுக் காணியே வேண்டுமென்று பண்ணைகளுக்குள் புகுந்தனர். 1923இல் அவர் கைவிட்டுப் போனார். அதே ஆண்டு ஏப்ரலில் 'மெற்றகாமா' கப்பல் சுமார் முந்நூறு இளைஞர் யுவதிகளை ஸ்டோர்னவேயிலிருந்து கனடாவுக்கு ஏற்றிச் சென்றது. கல்யாண வயதுப் பிள்ளைகள் ஒரே நாளில் ஊரை விட்டுப் போவது என்றால் எப்படியிருக்கும் என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1930இல் இத்தீவின் ரொங் கிராமத்திலிருந்து நியூயோர்க் சென்ற பெண் ஒருவரின் மகன்தான் பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான டொனால்ட் ட்ரம்ப். தீவினர் இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை.

போனவர்கள் போக, இருப்பவர்களின் மொழி? வீதிப் பலகைகளில் கேலிக் மொழிப் பெயரே மேலே இருக்கிறது. வானொலியிலும் கேட்கிறது. ஆனால் 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளிக்கூடத்தில் அதற்கு இடமளிக்கவில்லை. அந்த விடுதி மாதும் வீட்டில் கேலிக், வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர். 2022 குடிசனக் கணக்கெடுப்பின்படி மேற்குத் தீவுகளிலேயே கேலிக் பேசத் தெரிந்தோர் பாதிக்கும் குறைவு. 2025இல் ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் அம்மொழிக்கு உத்தியோகபூர்வ தகுதி வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் நல்லதுதான். சமையலறையில் பேசாத மொழியைச் சட்டம் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியவில்லை. கிளாஸ்கோவில் இருக்கும் தமது பேரப்பிள்ளைகளுக்குச் சில சொற்கள் மட்டுமே தெரியும் என்று அம்மாது கூறினார். பின்னர், உங்கள் பேரப்பிள்ளைகள் எப்படி என்று கேட்டார். மூத்தவள் பேசுவாள், இளையவனுக்கு விளங்கும் என்றேன். அவர் மேலும் தேநீர் ஊற்றினார்.

மேற்குக் கரையில் ஊய்க் என்ற இடத்தில் 1831இல் கண்டெடுக்கப்பட்ட சதுரங்கக் காய்கள் உலகப் புகழ் பெற்றவை. கடற்குதிரைத் தந்தம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. நீண்ட தந்தங்களுடைய பெரிய கடல்விலங்கான வால்ரசின் கொம்பு. 12ஆம் நூற்றாண்டில் நோர்வேயில் செதுக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. கன்னத்தில் கை வைத்துக் கவலையோடிருக்கும் ராணியும், வெறியில் தன் கேடயத்தையே கடிக்கும் வீரனும் மறக்க முடியாதவர்கள். கிடைத்த 93 பொருட்களுள் 82 லண்டனிலும் 11 எடின்பரோவிலும் உள்ளன. ஸ்டோர்னவே அருங்காட்சியகத்துக்கு ஆறு மாத்திரம், அதுவும் இரவலாக! நான் ஊர் திரும்பிய சில நாட்களில் இன்னொரு காய் லண்டனில் ஏலம் போயிற்று. 1964இல் ஐந்து பவுணுக்கு வாங்கப்பட்டது 7,35,000 பவுணுக்கு விலைப்பட்டது.

நேரமுள்ளவர்கள் வடமுனையில் செங்கல்லால் கட்டிய, வண்ணம் பூசாத வெளிச்சவீட்டையும் பார்க்கலாம். காற்றில் நிற்க முடியாது. தெற்கே தரை வழியாகவே ஹரிஸ் பகுதிக்குச் சென்று லஸ்கென்ரயர் வெண்மணற் கரையையும், றொடல் தேவாலயத்தில் 1528ஆம் ஆண்டுக் கல்லறைச் சிற்பங்களையும் காணலாம். 'ஹரிஸ் ட்வீட்' கம்பளித் துணியைத் தீவினர் தம் வீடுகளிலேயே கைத்தறியில் நெய்ய வேண்டுமென்று 1993இல் தனிச் சட்டமே இயற்றியுள்ளனர். விலை என் சட்டைப்பைக்கு எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கும் போக முடியாது என்று முதலே எச்சரித்திருந்தார்கள். ஓய்வுநாளைக் கடுமையாக அனுசரிக்கும் தீவு. ஞாயிறன்று உல்லாபூல் கப்பல் ஓடத் தொடங்கியதே 2009இல்தான். நான் தேவாலயமொன்றின் வெளியே நின்றேன். வாத்தியம் எதுவும் இல்லை. ஒருவர் சங்கீதத்தின் ஓர் அடியைத் தனியே எடுத்துக்கொடுக்க, சபையார் ஒவ்வொருவரும் தத்தம் கமகங்களோடு அதை இழுத்துப் பாடினார்கள். குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அலை போல வந்தன. மொழி ஒரு சொல்லும் விளங்கவில்லை. முடியும் வரை நின்றேன். வெளியே வந்தவர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, மழை வரப்போகிறது, எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று விசாரித்துத் தமது காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.