பற்று நோட்டு

சிங்காநல்லூரில் நாங்கள் வளர்ந்த தெருவின் முனையில் இருந்த மளிகைக் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. அதில் என்ன எழுதியிருந்தது என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் நினைவில்லை. அண்ணாச்சி கடை, அவ்வளவுதான். கோவையின் மில் பகுதிகளில் இப்படிப்பட்ட கடைகள் நிறைய. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நடத்தியவை.

கடைக்குப் பலகைக் கதவு. வரிசை மாறாமலிருக்க ஒவ்வொரு பலகையிலும் எண் எழுதியிருக்கும். காலை ஷிப்டுக்கு மில் சங்கு ஊதும்போது கடைசிப் பலகையும் கழற்றப்பட்டிருக்கும். உள்ளே வாய் சுருட்டிய சாக்குகளில் துவரம் பருப்பு, மல்லி, வற்றல் மிளகாய். உத்தரத்தில் தொங்கிய டப்பாவிலிருந்து நூல் இறங்கி வரும். தேங்காய் எண்ணும்போது அண்ணாச்சி 'ஒன்று' என்று சொல்லமாட்டார். 'லாபம், ரெண்டு, மூணு' என்றே தொடங்குவார். பொட்டலம் கட்டிய பழைய வார இதழ்த் தாள்களைப் பிரித்துப் படித்ததுதான் எங்கள் வாசிப்பின் தொடக்கம். நடுப்பகுதியை மட்டுமே அறிந்த தொடர்கதைகள் எங்களுக்கு எத்தனையோ. முடிவுகள் வேறு யார் வீட்டுப் பருப்போடோ போயிருக்கும்.

பணம் கொடுத்து வாங்கியதாக நினைவில்லை. நீளவாக்கில் ஒரு நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, ஓரத்தில் மஞ்சள். சம்பளம் வந்ததும் அப்பா பற்றின் பெரும்பகுதியை அடைப்பார். மிச்சம் தீபாவளி போனசில் தீரும். அந்த ஒரு நாள் மட்டும் எங்கள் பக்கம் வெறுமையாக இருக்கும். மறுநாளே மீண்டும் எழுத்து விழும்.

1990களின் பிற்பகுதியில் அப்பாவின் மில் மூடப்பட்டது. இன்று திறப்பார்கள், நாளை திறப்பார்கள் என்று அப்பா தினமும் வாயிற்கதவு வரை போய்வந்தார். வீட்டின் நிலைமையை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடைக்குப் போய்வந்தவர்கள் என்பதால் தெரிந்துகொண்டோம். அரை லிட்டர் நல்லெண்ணெய் இருநூறாகி நூறானது. வாரம் மூன்று நாள் இருந்த அரிசிம்பருப்புச் சாதம் ஒரு நாளானது. அரிசி ரேஷனுக்கு மாறியது. இவை அனைத்தையும் தன் கையால் எழுதியவர் அண்ணாச்சி. ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை.

ஒரே ஒருமுறை, நூறு கிராம் பருப்பு கேட்கப் போனபோது, "தம்பி, அம்மா நூறுதான் சொல்லிவிட்டாவளா?" என்றார். ஆமாம் என்றோம். கால் கிலோவை நிறுத்துக் கட்டினார். நோட்டிலும் கால் கிலோ என்றே எழுதினார். அம்மா பொட்டலத்தைக் கையில் வாங்கியவுடனேயே எடையை உணர்ந்துவிட்டார். "நான் கேட்டது நூறு. மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு வாங்க." நாங்கள் திரும்பிப் போனோம். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் நூற்றைம்பதை நிறுத்து எடுத்துக்கொண்டு கணக்கைத் திருத்தினார். கடையில் அப்போது நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

பற்று முழுவதும் அடைபட நான்கு ஆண்டுகள் ஆயின. அதற்குள் எங்களில் மூத்தவர் வேலைக்குப் போயிருந்தார். அண்ணாச்சி எங்கள் பக்கத்தின் குறுக்கே கோடிழுத்தார். அடுத்த மாதத்திலிருந்து அம்மா பேருந்து ஏறிப்போய் ஒரு பல்பொருள் அங்காடியில் மளிகை வாங்கத் தொடங்கினார். விலை குறைவு என்றார். பேருந்துக் கட்டணத்தைச் சேர்த்தால் குறைவில்லை என்பதை நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தும் சொல்லவில்லை. அண்ணாச்சி கடையில் எங்களுக்கு வாங்க இருந்தது அவசரத்துக்குத் தீப்பெட்டி, கறிவேப்பிலை. சில சமயம் அதற்கும் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனோம்.

ஆகவே கடை மாறியதை நாங்கள் அருகிருந்து பார்க்கவில்லை; விடுமுறைகளில் வந்து பார்த்தோம். பலகைகளின் இடத்தில் இரும்பு ஷட்டர். சாக்குகள் உள்ளே போய், பாக்கெட்டுகள் முன்னே வந்தன. ஷாம்புச் சரங்கள் மாலைபோல் தொங்கியதில் அண்ணாச்சியின் முகம் பாதிதான் தெரிந்தது. தராசு போய் எண் காட்டும் எந்திரம். 2011 ஜூன் இறுதியோடு நான்கணா செல்லாமற்போனது. அதற்கு முன்பே சில்லறைக்குப் பதில் மிட்டாய் வந்துவிட்டது. பிறகு அண்ணாச்சி இல்லை, அவருடைய மகன். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது, மகன் பழைய நோட்டைத் திரும்ப எடுத்தார் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். தனக்கு வேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

2022 ஜூலையில் பெயரும் எடையும் அச்சிட்ட பருப்புப் பாக்கெட்டுக்கு 5 விழுக்காடு வரி வந்தது. சாக்கிலிருந்து நிறுத்துத் தருவதற்கு வரியில்லை. சாக்குகள் சில முன்னே திரும்பியிருந்தன. இப்போது கல்லாவின் மேல், கைபேசிவழி வந்த தொகையை ஊர் கேட்க அறிவிக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. அண்ணாச்சி இருந்திருந்தால் அதைக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டியிருப்பார்.

சொல்ல வந்தது 2020 மார்ச் மாதத்தைப் பற்றி. ஊரடங்கு. அப்பா காலமாகி, அம்மா தனியே இருந்தார். நாங்கள் மூவரும் மூன்று ஊர்களில். அங்காடியின் வீட்டு விநியோகம் நின்றுபோயிருந்தது. வேறு வழியின்றி அண்ணாச்சியின் மகனை அழைத்துப் பட்டியலைச் சொன்னோம். "அனுப்பிடுறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். கடை முன்னே சுண்ணாம்பு வட்டங்களில் ஆட்கள் நின்றிருந்த அந்த நேரத்திலும் ஒரு மணிக்குள் பை வாசலுக்குப் போயிற்று. நாங்கள் இங்கிருந்தே பணம் அனுப்பினோம்.

சற்று நேரத்தில் அம்மாவிடமிருந்து அழைப்பு. சாமான் எல்லாம் சரியாக இருக்கிறது, சீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டேன் என்றார். மேலே ஒரு கட்டுக் கறிவேப்பிலை இருக்கிறது, சீட்டில் அது எழுதவில்லை.

"கொசுறும்மா" என்றோம்.

"இல்ல. எவ்வளவுன்னு கேட்டு அதையும் அனுப்பிடுங்க."

சரி என்றோம். கேட்கவில்லை.