யாரிடம் ஓதினாய்?

மதரஸாவில் ஓதி வந்த ஒருவரைக் கண்டால் பெரியோர் கேட்கும் முதற் கேள்வி, "எங்கே ஓதினீர்?" என்பதன்று, "யாரிடம் ஓதினீர்?" என்பதே. கட்டடத்தின் பெயர் அதற்குப் பின்னரே வரும். ஆசிரியர், அவருடைய ஆசிரியர் என்று அந்தச் சங்கிலி நூற்றாண்டுகளைக் கடந்து மேலேறிச் செல்வதை நாம் ஓதிய காலத்திலேயே அறிவோம். அறிந்திருந்தும், நம் மகள் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்க முற்பட்டபோது அதனை மறந்து போனோம். அந்த மறதியை ஒளிக்காமல் சொல்வது பெற்றோர் சிலருக்கேனும் பயன்படும் என்றே இதனை எழுதுகின்றோம்.

முதலில் நம் பழங்கதை. சனது பெற்ற ஆண்டிலேயே, தமிழில் முதுகலை படிக்கும் ஆசையோடு ஒரு கல்விக்கூடத்தின் அலுவலகப் படியேறினோம். மேசைக்கு அப்பாலிருந்தவர் சனதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பி.ஏ. சான்றிதழ் எங்கே?" என்றார். ஏழாண்டு ஓதலுக்கு அந்த மேசையில் பெயர் இல்லை. விதிப்படி அவர் கேட்டது சரியே. ஆனால் வேறு வழி உண்டா என்று கேட்கவும் நா எழாமல் திரும்பினோம். பின்னர் அஞ்சல் வழியில் இரு பட்டங்களும் பெறப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. முனைவர் பட்டம் கைகூடவே இல்லை. எனவே மகளின் விண்ணப்பத்துக்குள் நம்முடைய ஏக்கமும் சொல்லாமல் புகுந்துகொண்டது.

அவள் தேர்ந்த பொருள் அரபுத்தமிழ். கீழக்கரையிலிருந்து பாலவாக்கத்துக்கு நாம் குடிவந்தபோது, நம் பாட்டியாரின் கையெழுத்துக் குறிப்பேடு ஒன்றும் உடன் வந்தது. தமிழை அரபி எழுத்தில் எழுதி, அரபியில் இல்லாத ஒலிகளுக்குக் கூடுதல் குறியிட்ட பக்கங்கள் அவை. சிறு வயதில் நம் மடியிலிருந்து அதனை எழுத்துக் கூட்டி வாசித்தவள், அதையே ஆய்வுப் பொருளாக்கினாள்.

சேர்வதற்கு இரண்டு இடங்கள் தென்பட்டன. ஒன்று நாடறிந்த பெயருடைய பல்கலைக்கழகம். மற்றொன்று அத்துணைப் புகழில்லாத ஒரு சிறு துறை. நாம் முன்னதையே வற்புறுத்தினோம். பள்ளிவாசல் முற்றத்தில் நின்று சொல்லிக்கொள்ளத் தக்க பெயரல்லவா! மகள் ஒன்றே கேட்டாள்: "வாப்பா, அங்கே இந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த நெறியாளர் யார்?" ஒருவரும் இல்லை. சிறு துறையிலோ சுவடியும் அரபி எழுத்தும் அறிந்த ஆசிரியர் இருந்தார்.

அப்போதுதான் இலங்கைப் பேராசிரியர் ம. மு. உவைஸ் நம் நினைவுக்கு வந்தார். பாணந்துறைப் பகுதியில் பிறந்த அவரைத் தமிழின்பால் திருப்பியவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகள் என்பர். முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டைப் பற்றி உவைஸ் எழுதிய முதுகலை ஆய்வு 1953-இல் நூலாயிற்று. 1979-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென இருக்கை அமைந்தபோது அவரே அதன் பேராசிரியரானார். ஒரு துறவியின் கண்ணில் பட்ட முஸ்லிம் மாணவர், நம் இலக்கியத்துக்கே ஒரு துறை கண்டார். ஆசான் அமைவதன் பயன் அது.

நெறியாளரைத் தேர்வதற்கும் முறை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரே காலத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராகலாம். ஆகவே இடம் உண்டா என்று முன்னரே எழுதிக் கேட்க வேண்டும். அவரிடம் ஆய்வு முடித்தவர்களைத் தேடி, எத்தனை ஆண்டில் முடித்தார்கள், எழுதிக் கொடுத்ததை அவர் எத்தனை நாளில் படித்துத் திருப்பினார் என்றும் விசாரிக்க வேண்டும். நம் மகள் இருவரிடம் விசாரித்த பின்னரே முடிவு செய்தாள்.

அடுத்தது ஆய்வு முன்மொழிவு. எதுகை மோனையோடு நான்கு பக்கங்கள் எழுதிக் கொடுத்தோம். படித்தவள் மெல்ல, "எல்லாம் பாராட்டாகவே இருக்கிறது வாப்பா, கேள்வி எங்கே?" என்றாள். முப்பதாண்டு ஆசிரியப் பணிக்குப் பின் நாம் கற்ற பாடம் அது. கீழக்கரையாரும் காயல்பட்டினத்தாரும் ஒரே தமிழ்ச் சொல்லை ஒரே விதமாக எழுதினார்களா, அவ்வெழுத்திலிருந்து அவர்தம் பேச்சொலியை அறியலாகுமா என்பதே அவள் கேள்வி. இரண்டே பக்கத்தில் எழுதி முடித்தாள்.

நெட் தேர்வை அவள் இருமுறை எழுத நேர்ந்தது. 2024 முதல் அத்தேர்வின் மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் கொள்ளப்படுகிறது. உதவித்தொகைத் தகுதி பெறாதவர்க்கு அதற்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் உண்டு. உதவித்தொகை பெறுவோர்க்கு 2023 முதல் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. அவளுக்குச் சேர்க்கைத் தகுதியே கிட்டியது. சிறுபான்மையினர்க்கென 2009-இல் தோன்றிய மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. மாடி கட்டச் சேர்த்த பணத்தை எடுத்தோம். "கலியாணத்துக்கு வைக்க வேண்டிய பணம்" என்று அவள் உம்மா இரண்டு நாள் பேசாதிருந்தார். மூன்றாம் நாள், மகள் ஊர் ஊராகச் சுவடி தேடிச் செல்ல ஒரு பை தைத்துக் கொடுத்தார்.

சேர்ந்தபின் வெற்றிக்கு வழி என்ன? மதரஸாவில் வகுப்புக்கு முன் பாடத்தைப் பார்த்து வைப்பதும், வகுப்புக்குப் பின் தோழரோடு அமர்ந்து தக்ரார் செய்வதும் நம் வழக்கம். ஆய்வுக்கும் அதுவே வழி. குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 6 ஆண்டு என்பது விதி. நாள்தோறும் ஒரு பக்கமேனும் எழுதாதவருக்கு ஆறாண்டும் போதாது. சுப்ஹுக்குப் பின் அவள் எழுதுகிறாள். இரவில் நம்மிடம் படித்துக் காட்டுகிறாள். விளங்காத இடத்தில் நிறுத்துகிறோம்.

சென்ற வெள்ளியன்று ஜும்ஆ முடிந்து வெளிவருகையில் நண்பர் ஒருவர், "மகள் எந்தப் பல்கலைக்கழகம்?" என்று வினவினார். நெறியாளரின் பெயரைத்தான் முதலில் சொன்னோம். அவர் அறிந்த பெயரன்று. "அவர் எப்படிப்பட்டவர்?" என்றார். பள்ளிவாசல் முற்றத்திலேயே அமர்ந்து சொல்லத் தொடங்கினோம்.