அப்பாவும் ரெண்டு பேரிங்கும்

பி.காம். படித்து பேங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு லேத் என்றால் கடன் விண்ணப்பத்தில் வரும் ஒரு வரி, அவ்வளவுதான். அப்பா அப்படியில்லை. கோவை பீளமேட்டில் ஒரு பம்ப் பட்டறையில் 32 வருஷம் டர்னர். அம்மா போனபிறகு எங்களோடு ஹைதராபாத், குக்கட்பள்ளிக்கு வந்துவிட்டார். தெலுங்கு தெரியாது, டிவி பிடிக்காது. பால்கனியில் சும்மா உட்கார்ந்திருப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன தீபாவளிக்கு ஒரு சின்ன சீன லேத்தைப் பழசாக வாங்கிப் போட்டேன் (வீட்டம்மா இன்னும் மன்னிக்கவில்லை). ஸ்க்ரூடிரைவர் நுனியை ஹெட்ஸ்டாக்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"பேரிங் போச்சு கண்ணு."

உள்ளே இருந்தவை 6206 பால் பேரிங் இரண்டு. அதற்குப் பதில் 30206 டேப்பர் ரோலர் போட்டால், பக்கவாட்டு அழுத்தம், நீளவாக்கு அழுத்தம் இரண்டையும் நன்றாகத் தாங்கும். நட்டை இறுக்கி ஆட்டத்தையும் எடுத்துவிடலாம். உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62 மி.மீ., இரண்டிலும் ஒன்றுதான். ராணிகஞ்ச் போய் வாங்கிவந்து பெருமையாக நீட்டினேன்.

"அகலம் பாத்தியா?"

பழசு 16 மி.மீ., புதுசு 17.25. இரண்டுக்கும் சேர்த்து இரண்டரை மி.மீ. ஸ்பிண்டிலில் உள்ள ஸ்பேசரில் அதைக் குறைக்க வேண்டும். தினமும் பேலன்ஸ் ஷீட் பார்க்கிறவன் இந்தக் கழித்தலை விட்டுவிட்டேன் :-)

ஸ்பேசரைக் கடைய லேத் வேண்டும். நம்ம லேத்தோ பிரிந்து கிடக்கிறது! பாலாநகரில் தெரிந்த ஒரு பட்டறைக்குக் கூட்டிப் போனேன். பட்டறைக்காரருக்கு என்ன தோன்றியதோ, "மீரே சேயண்டி" என்று ஒதுங்கி நின்றார். அப்பாவுக்குக் கை கொஞ்சம் நடுங்கும். எனக்குப் பயம். அவர் இரண்டு கையையும் வீலில் ஊன்றி, உடம்பைச் சாய்த்து, மெல்ல ஓட்டினார். வெர்னியர் படிக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார். மூன்றாவது தடவை, "போதுமுங்கப்பா" என்றேன்.

வீட்டில் நான் சுத்தியலை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். பேரிங்கின் உள்வளையத்தை ஓவனில் 90 டிகிரிக்குச் சூடாக்கினோம். தட்டாமலே ஸ்பிண்டிலில் இறங்கியது. நட்டை இறுக்குவதில்தான் அரை நாள் போனது. தளர்ந்தால் ஆட்டம், அதிகமானால் கொதிக்கும். இருபது நிமிஷம் ஓட்டி, ஹெட்ஸ்டாக்கில் கை வைத்துப் பார்த்து, கால் சுற்று தளர்த்தி, மறுபடி ஓட்டினோம். சக்கில் மாட்டிய கம்பியைப் பிடித்து இழுத்தால் முன்பு டயல் கேஜ் முள் 0.06 மி.மீ. நகரும். இப்போது 0.01.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். நேற்று சக் சரியில்லை என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ராணிகஞ்ச். இந்தத் தடவை அவரும் வருகிறாராம், நான் அளவு பார்க்காமல் வாங்கிவிடுவேனாம்.