எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்?

மிலானோவிலிருந்து விடுமுறையில் பலாங்கொடைக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், தாம் கற்ற இத்தாலிய வாக்கியம் ஒன்றைச் சொல்லிக் காட்டினார்: 'ஆபித்தோ ஆ மிலானோ தா தியேச்சி ஆன்னி.' பத்து வருடமாக மிலானோவில் வசிக்கிறேன் என்பது பொருள். வினை நிகழ்காலம், 'தா' என்பது நம்முடைய 'ஆக' போன்றது. வினையை இறந்தகாலமாக்கி, 'தா'வுக்குப் பதிலாக 'பேர்' போட்டால், வசித்தேன், இப்போது அங்கே இல்லை என்று அர்த்தம் மாறிவிடும். ஆங்கில வழக்கை நினைத்துப் பேசுபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். அரபியிலோ 'முன்து' என்ற சொல்லுடன் நிகழ்கால வினையே வரும். தமிழும் அரபியும் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது சுலபம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து சென்றவர் இத்தாலியக் குடியுரிமை கேட்க, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாகப் பத்து வருடம் சட்டபூர்வமாக வசித்திருக்க வேண்டும். அந்தச் சின்னத் 'தா'வுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கையே நிற்கிறது.

நம் ஊரைச் சுற்றியுள்ள தோட்டத்து மக்களைக் கேளுங்கள். தலைமுறைகளாக இங்கே இருக்கிறோம் என்றவர்களில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழிவந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 'இருக்கிறோம்' என்ற ஒரு சொல் ஏட்டில் ஏற 55 வருடங்கள்!

அன்பு வாசகர்களே, ஒருவரிடம் 'எத்தனை வருடமாக இங்கே?' என்று கேட்டால், பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். அவர் சொல்வது வெறும் கணக்கல்ல.