பூவரசம் பெட்டி

தடித்த மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து, அத்துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டி, வழி அறிந்தவர்க்கு மட்டுமே திறக்கும்படி பெட்டி செய்யும் வழக்கம் நமக்குப் புதியதன்று. நம் பாட்டனார் காலத்துக் கல்லாப்பெட்டிகளிலும் நகைப்பெட்டிகளிலும் கள்ள அறை ஒன்று இருக்கும். வீட்டுத் தலைவரும் தலைவியும் மட்டுமே அதனை அறிவர். சப்பான் நாட்டில் ஹக்கோனே என்னும் மலைப்பகுதியில் செய்யப்படும் பெட்டிகளோ உலகப் புகழ் பெற்றவை. அவற்றின் பக்கப் பலகைகளை முறைப்படி ஒவ்வொன்றாக நகர்த்தினால்தான் மூடி திறக்கும். சிலவற்றுக்கு நான்கைந்து அசைவுகள் போதும். சிலவற்றுக்கு ஐம்பதுக்கும் மேல் வேண்டும். அணுபுரத்தில் எங்கள் குடியிருப்பின் பின்பக்கத் தாழ்வாரத்தில் நாங்கள் செய்த பெட்டிக்கு ஏழே அசைவுகள். ஆயினும், மரம் சாய்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் அது ஈராண்டுக்கு மேற்பட்ட வேலை.

அம்மரம் பூவரசு. திருக்கழுக்குன்றத்துக்கு அருகில், எங்கள் வீட்டுப் பெரியவர் தம் திருமணம் நடந்த ஆண்டில் கிணற்றடியில் நட்டது. பெரியவர் என்று நாங்கள் குறிப்பிடுவது, எங்களில் ஒருவருக்குத் தந்தையும் மற்றவருக்கு மாமனாருமாகிய ஒருவரை. 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தபோது அம்மரம் வேரோடு சாய்ந்தது. அவருடைய துணைவியார் இறைவனில் துயில்கொண்டு அப்பொழுது நான்கு மாதங்களே ஆகியிருந்தன.

நாற்பது ஆண்டுகள் தச்சராக உழைத்தவர் அவர். கை நடுக்கம் கண்டபின் உளியைத் தொடுவதில்லை. துணைவியாரின் மணமோதிரத்தைச் சுண்டுவிரலில் அணிந்திருந்தார். விரல் மெலிந்து போனதால் அது இருமுறை துணி துவைக்கும் கல்லருகே கழன்று விழுந்துவிட்டது. பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாமே என்று நாங்கள் கூறியபோது, "பீரோவுல வெச்சா மறந்துபோயிடும் மாப்ளே. ஒரு பெட்டி வேணும். தெறக்கக் கொஞ்சம் நேரம் ஆகணும்" என்றார். நேரம் ஏன் ஆகவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை.

சாய்ந்த மரத்தை மரமில்லில் கொடுத்து இரண்டங்குலப் பலகைகளாக அறுத்து வந்தோம். அறுத்த மரம் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காய வேண்டும் என்பது தச்சர் கணக்கு. பலகைகளின் இரு முனைகளிலும் சாணம் பூசச் சொன்னார். முனை வழியே ஈரம் விரைந்து வெளியேறினால் மரம் வெடித்துவிடும்; சாணப்பூச்சு அதனைத் தடுத்து, ஈரம் பக்கவாட்டில் மெல்ல வெளியேறச் செய்யும். இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் அப்பலகைகள் நிழலில் கிடந்தன.

அறுப்பதற்கு நாங்கள் வாங்கியது 'ஸ்குரோல் சா' எனப்படும் சிறு மின்ரம்பம். தையல் இயந்திரத்தின் ஊசிபோல் அதன் பிளேடு மேலும் கீழும் ஓடும். நீளம் ஐந்து அங்குலம், அகலம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள், கனம் அரை மில்லிமீட்டருக்குள். இத்தனை மெலிந்ததாக இருப்பதால்தான் எந்த வளைவிலும் திரும்புகிறது. வட்ட ரம்பம்போல் விரலைக் கவர்ந்து கொண்டு போவதும் இல்லை. ஆகவே பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது என எண்ணுகிறோம். ஆனால் தூசியை எளிதாகக் கொள்ளலாகாது. மூக்கை மூடிக்கொண்டுதான் அமர வேண்டும். கீழ்வீட்டு அன்பர் இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குபவராதலால், மாலை நான்கு மணிக்கு முன் இயந்திரத்தை ஓட்டுவதில்லை என்று அவரிடம் வாக்களித்திருந்தோம்.

மெல்லிய பலகைக்கென்றே பிறந்த இக்கருவியை இரண்டங்குலக் கடின மரத்தில் செலுத்துவது வேறு கதை. பிளேடு ஒருமுறை ஏறி இறங்கும் தூரம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். மரத்தின் கனமோ இழைத்தபின்னும் 45 மில்லிமீட்டர். நடுவில் அறுபடும் தூள் வெளியேற வழியின்றி அங்கேயே சுழன்று சூடேறும்; மரம் கருகும். மரத்தின்மேல் பொட்டலம் ஒட்டும் நாடாவை ஒட்டி அறுத்தால் கருகல் வெகுவாகக் குறைகிறது. பல் நெருங்கிய பிளேடு இதற்கு உதவாது. பெரிய, இடைவெளி விட்ட பற்களே வேண்டும். அதையும்விடப் பெரிய இடர், பிளேடு நடுவில் வளைவது. மேலே கோட்டின்மீது ஒழுங்காகச் செல்லும். உள்ளே வயிறு தள்ளும். அப்படி அறுபட்ட துண்டு மேலேயும் வராது, கீழேயும் இறங்காது.

நாற்காலியில் அமர்ந்து, பழைய பலகை ஒன்றில் நாங்கள் வெட்டிப் பார்த்த துண்டைக் கையில் வாங்கி விரலால் தடவினார் பெரியவர். பல மாதங்களுக்குப் பின் அவர் மரத்தைத் தொட்டது அன்றுதான். "தள்ளாதீங்க மாப்ளே. அது தின்னுற அளவுக்குக் குடுங்க, போதும். ஏம்மா, மேசை மட்டம் பாத்தியா?" என்றார். பிளேடு மேசைக்குச் செங்குத்தாக உள்ளதா என்று பார்க்கும் வழியையும் அவரே சொன்னார். கட்டையில் சிறிதளவு வெட்டி, கட்டையை மறுபுறம் திருப்பி, அதே வெட்டுக்குள் பின்புறமிருந்து பிளேடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். சிறிது சாய்ந்திருந்தாலும் நுழையாது. இந்த இயந்திரத்தை வாழ்வில் முதன்முறை கண்டவர் அவர். நாங்கள் படித்த கையேட்டைவிட அவர் விரைந்து கற்றுக்கொண்டார் என்பதே உண்மை.

பெட்டியின் அமைப்பு இதுதான். குமிழ் போன்ற தலையும் ஒடுங்கிய கழுத்தும் உடைய துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். முதல் துண்டு மேல்நோக்கி மட்டுமே வரும். அது வந்தால்தான் பக்கத்திலுள்ள மர ஆணியை இழுக்க இயலும். ஆணி வந்தால்தான் அடுத்த துண்டு கீழே இறங்கும். இவ்வாறு ஏழாவதாகச் சிற்றறை வெளிப்படும். துண்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளி, பிளேடு தின்ற அரை மில்லிமீட்டர் மட்டுமே. சென்ற கோடையில் வேலை முடிந்தது. மோதிரத்தை அவரே உள்ளே வைத்தார். நடுங்கும் கையால் இறுதித் துண்டைப் பொருத்த இயலாதபோது பேரன் பொருத்தினான். உள்ளே இருப்பது யாதென அவனுக்கு நாங்கள் சொல்லவில்லை.

மாமல்லபுரத்துச் சிற்பிகள் பேறு பெற்றவர்கள்; கல் மழையில் பருப்பதில்லை. மரமோ காற்றின் ஈரத்தைக் குடித்து, நார்வாட்டத்துக்குக் குறுக்கே விரியும். ஐப்பசி மழை தொடங்கியதும் மூன்றாவது துண்டு இறுகிவிட்டது. நவம்பர் 2, இறந்தோர் நினைவுநாளில் மோதிரத்தைக் கல்லறைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது பெரியவரின் விருப்பம். அன்று விடியற்காலை முதல் முயன்றும் பெட்டி திறக்கவில்லை. உளியால் பிளந்துவிடலாம், பின்னர் வேறு செய்து கொள்ளலாம் என்றோம். தேய்த்துச் சிறிது இளக்கலாமா என்றும் கேட்டோம். இரண்டுக்கும் அவர் இசையவில்லை. "இப்ப தேச்சா சித்திரையில கடகடன்னு ஆடும். தையில தெறக்கும், இருக்கட்டும்" என்று கூறி, பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் வந்தார். கல்லறையின் மீது மெழுகுவர்த்திகளுக்கு நடுவே அதனைச் சிறிது நேரம் வைத்திருந்து, தூறல் விழுமுன் எடுத்துக்கொண்டார்.

தை இரண்டாம் வாரத்தில் திறந்தது. எங்களை அழைக்காமல், யாருமற்ற பிற்பகலில் அவர் தனியே திறந்திருக்கிறார். துண்டுகள் வரிசையாக மேசைமேல் இருந்ததைக் கண்டே அறிந்தோம்.

இப்பொழுது பேரனுக்கென ஒரு வேப்பங்கட்டை மாடிப்படியின் அடியில் காய்ந்து கொண்டிருக்கிறது. மாதம் ஒருமுறை அதனைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைச் சுவரில் எழுதுகிறார் பெரியவர். சென்ற மாதம் 1 கிலோ 310 கிராம். இம்மாதம் 1 கிலோ 295. எடை குறைவது நின்றபின் அறுக்கலாம் என்கிறார்.