எட்டாவது பெயர்

நவம்பர் மாதம் பிறந்தாலே என் நினைவு எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை நாடிச் சென்றுவிடுகிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள அச்சிற்றூரில், இறந்த விசுவாசிகளின் நினைவு நாளாகிய நவம்பர் 2ஆம் நாள் மாலையில் கல்லறைகளைக் கழுவிப் பூச் சாத்தி, மெழுகுதிரி ஏற்றிச் செபிப்பது வழக்கம். என் தந்தையைப் பெற்ற ஆச்சி, எங்கள் குடும்பக் கல்லறைகள் எல்லாவற்றிலும் திரி ஏற்றிய பின்னர், ஒரே ஒரு திரியை எடுத்துக்கொண்டு சுற்றுச்சுவருக்கு வெளியே செல்வார். அங்கிருந்த வேப்பமரத்தடியில் அதை ஏற்றிவைத்துச் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்புவார். "அது யாருக்கு ஆச்சி?" என்று கேட்டால், "யாருமில்லாத ஆத்துமாக்களுக்கு" என்பார். சிறுவர்களாகிய நாங்களும் அதை நம்பினோம்.

எங்கள் இல்லத்தில் பழைய குடும்பப் புகைப்படம் ஒன்று உண்டு. அமல உற்பவம் விசுவாச சத்தியமாக அறிவிக்கப்பட்டதன் நூற்றாண்டை முன்னிட்டு, பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அறிவித்த மரியன்னை ஆண்டு நிறைவுற்ற திருநாளில் எடுத்த படம் அது. தாத்தா, ஆச்சி, ஐந்து பிள்ளைகள் என ஏழு பேர் அதில் இருக்கிறார்கள். கடைக்குட்டியாகத் தாத்தாவின் முழங்காலைப் பற்றி நிற்பவர் என் தந்தை. படத்தின் பின்புறத்தில் ஆச்சி பென்சிலால் சில வரிகள் எழுதியிருந்தார். அவற்றின் கடைசி வரியைக் காட்டி, "அர்ச். சூசையப்பருக்கு உங்கள் ஆச்சி செய்த வேண்டுதல்" என்று அப்பா சொல்வதுண்டு. மங்கிப்போன அவ்வரியின் தொடக்கத்தில் 'அ சூசை' என்பது மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. அர்ச்சியசிஷ்ட என்பதைச் சுருக்கி எழுதிய காலமல்லவா அது! எவருக்கும் ஐயம் எழவில்லை.

ஆச்சி மரித்தபின் அப்படத்தைச் சட்டமிடக் கொடுத்தவன் நான்தான். கண்ணாடிக் கடையில் அதன் பின்புறம் முழுவதும் பசை தடவி அட்டையில் ஒட்டிவிட்டார்கள். "பின்னாலே அம்மா எழுதியிருந்தாளேப்பா" என்று பெரிய அத்தை வருந்தினார். "முன்னாலே முகம் தெரிந்தால் போதாதா, அத்தை?" என்று நான் விடையளித்தேன். அச்சொல்லை நினைத்து இன்று நாணுகிறேன்.

கடந்த ஆண்டு மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறி, சட்டத்தைச் செல் அரித்தது. படத்தையாவது காப்போம் என்று அட்டையை முனை மழுங்கிய கத்தியால் ஏடு ஏடாகப் பெயர்த்தேன். தண்ணீர் பட்டால் படமே உரிந்துவிடும் என்பதால் உலர்ந்த நிலையிலேயே பல நாள் செய்த வேலை அது. பென்சிலின் கருமை பெரும்பாலும் அட்டையோடு போய்விட்டது. ஆனால் ஆச்சி அழுத்தி எழுதும் கைக்காரர். இரவில் அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் படத்தின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தபோது, எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்தது. வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

தலைப்பில் '௧௯௫௪௵ டிசம்பர்௴ ௮௳' என்றிருந்தது. வருடம், மாதம், நாள் ஆகியவற்றுக்குரிய பழைய குறிகளோடும் தமிழ் எண்களோடும் எழுதிய தேதி. எங்கள் அப்பா 1, 2, 3 என்று படித்த தலைமுறை. வரிகளின் முன்னே நின்ற குறிகளை அவர் பெயர்களின் தலைப்பெழுத்துகள் என்று எண்ணியிருக்கிறார். அவை எண்கள்! '௧ அவுக' என்பது முதல் வரி. கணவரின் பெயரைச் சொல்லவோ எழுதவோ கூசிய காலத்துப் பெண் அவர். '௨ நான்' என்பது இரண்டாம் வரி. மூன்று முதல் ஏழு வரை பிள்ளைகளின் ஞானஸ்நானப் பெயர்கள், பிறந்த வரிசையில்.

எட்டாவது வரிக்கு வந்தேன். அதன் முன்னே நின்ற எழுத்தும், தேதியில் டிசம்பருக்குப் பின் நின்ற எழுத்தும் ஒன்றே. அமல உற்பவத் திருநாள் டிசம்பர் 8 என்பதை அறியாத கத்தோலிக்கர் உண்டா? தமிழில் எட்டு என்னும் எண் அகரத்தின் வடிவுடையது. அப்படியானால் அது 'அர்ச். சூசை' இல்லை, 'எட்டு, சூசை'. படத்தில் இருந்தவர் எழுவர், பெயர்களோ எட்டு.

அப்பெயரை அடுத்து ஒரு சிறு சிலுவை. அதன்பின் 'தணணி விடடது நான. வெறு ஆள இலலை' என்ற சொற்கள். எகர ஏகார வேறுபாட்டைத் துலக்கிய வீரமாமுனிவரின் எழுத்துச் சீர்திருத்தத்தை நாம் பெருமையோடு பேசுகிறோம். ஆச்சியின் பென்சிலுக்கு அது எட்டவில்லை. புள்ளியும் இல்லை, நெடிலும் இல்லை. பலமுறை வாய்விட்டுப் படித்த பிறகே விளங்கிற்று: "தண்ணி விட்டது நான். வேறு ஆள் இல்லை."

மறுநாள் பெரிய அத்தையிடம் சென்று வாசித்துக் காட்டினேன். எண்பதைக் கடந்த அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மெல்லச் சொன்னார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆச்சிக்கு ஓர் ஆண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. மருத்துவச்சியை அழைக்கத் தாத்தா ஓடினார். திரும்பி வருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. ஆச்சி நினைவிழந்து கிடந்தார். எங்கள் ஊரோ பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைக்கும் கிளைக் கோவில். ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்று முடிவுசெய்து, மந்திரித்த பூமியாகிய கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, வேம்பின் அடியில் புதைத்துவிட்டார்கள். ஆச்சி கண்விழித்துச் சொன்னபோது, சுரத்தில் பிதற்றுவதாக எண்ணினார்கள். சாட்சி எவரும் இல்லை. அதற்குப்பின் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஞானோபதேச வகுப்பில் நாமும் படித்திருக்கிறோம்: மரண ஆபத்தில் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அக்காலத்தில் நடைமுறையில் இருந்த 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், வேறு எவரும் இல்லாதபோது பெற்றோரே தம் குழந்தைக்குக் கொடுக்க இடமளித்தது. 'வேறு ஆள் இல்லை' என்று ஆச்சி எழுதியது புலம்பல் அன்று. ஈன்ற களைப்பிலும் தாம் உபதேசியாரிடம் கற்றதைப் பிசகாமல் செய்ததாக அவர் எழுதிவைத்த சாட்சியம். அதை வாசிக்க வேண்டிய நாங்கள் அதன்மேல் பசை தடவினோம்.

பங்குத் தந்தையிடம் சென்று, சூசையின் ஆத்தும இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்டேன். அவர் படத்தை வாங்கி வாசித்தார். "ஞானஸ்நானம் பெற்ற பச்சிளங்குழந்தைக்கு இளைப்பாற்றி வேண்டியதில்லையே. நன்றித் திருப்பலியாக வைப்போம்" என்றார். அத்தகைய நீர் கிடைக்காமலே இறந்த குழந்தைகளைப் பற்றியும் பேசினார். அவர்களும் மீட்படைவர் என நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டென்று அனைத்துலக இறையியல் ஆணையம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆவணத்தை எடுத்துரைத்தார். எத்தனை தாய்மாரின் கண்ணீருக்கு எவ்வளவு தாமதமாக வந்த ஆறுதல்!

ஆச்சிக்கு மகனின் மறுவாழ்வைப் பற்றி ஐயம் இருந்திருக்க முடியாது என்பது இப்போது எனக்குப் புரிகிறது. தம் கையால் வார்த்த நீரை அவர் அறிவார். ஆண்டுதோறும் அவர் சுவரைக் கடந்து சென்றது, அங்கே அவன் தனியாகக் கிடந்தான் என்பதற்காக. 'யாருமில்லாத ஆத்துமாக்கள்' என்று எங்களிடம் சொன்னது, எங்களுக்காகவும் தாத்தாவுக்காகவும் அவர் சுமந்த மௌனம்.

வேம்பு இன்று இல்லை. சுவரும் பலமுறை மாறிவிட்டது. இடத்தைத் துல்லியமாகக் காட்ட அத்தையாலும் இயலவில்லை. ஆகவே இவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் ஆச்சியின் கல்லறையிலேயே இரண்டு திரிகள் ஏற்ற இருக்கிறோம்.

படத்தை நகலெடுத்து உடன்பிறந்தார் அனைவருக்கும் கொடுத்தேன். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், எட்டு வரிகளையும் எழுதினேன். 'அவுக' என்ற இடத்தில் தாத்தாவின் பெயரையும், 'நான்' என்ற இடத்தில் ஆச்சியின் பெயரையும் அத்தையிடம் கேட்டு எழுதினேன். எட்டாவது வரியை மட்டும் மாற்றவில்லை. புள்ளியின்றி, நெடிலின்றி, அவர் எழுதியவாறே எழுதினேன்.